பியாவோவியெஷா: பைசன் ஊருக்குக் கிளம்புமுன் - வாசகர் கேள்விகள்

போலந்தின் கிழக்கு ஓரம், பெலாரூஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஐரோப்பிய பைசன் என்ற பெரிய காட்டு விலங்கு திரிகிற காட்டுக்கு நடுவே இருக்கிற பழைய ஊர் பியாவோவியெஷா. ஒரு காலத்தில் அரசர்கள் வேட்டையாடிய இடம். இப்போது தேசியப் பூங்கா, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். இந்த ஊர் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*வார்சாவில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கச் செப்டம்பரில் போகிறோம். பியாவோவியெஷாவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிட முடியுமா? (கோவை)*

முடியும். ஆனால் பஸ் ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஒரு வழிக்கே ஏறக்குறைய 240 கிலோமீட்டர். வார்சாவிலிருந்து பியாவிஸ்டோக் வரை ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அங்கிருந்து ஹைனூவ்கா வழியாகப் பஸ்ஸில் போக இன்னும் இரண்டு மணி நேரம் சொச்சம். நடுவில் காத்திருப்பு வேறு. ஊரில் கால் வைக்கும்போது மணி பதினொன்று தாண்டியிருக்கும். நான்கு மணிக்குத் திரும்ப வேண்டும். காட்டு விலங்கு படுத்து அசைபோடுகிற நேரம் சரியாக அதுதான்.

இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் பிற்பகலில் அரண்மனைப் பூங்காவைப் பாருங்கள். மறுநாள் விடிகாலையில் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடை, பிற்பகலில் சைக்கிள் எடுத்துக்கொண்டு, விலங்குகளை வேலிக்குள் வைத்துக் காட்டுகிற பைசன் காட்சிக் காப்பகம். மூன்றாம் நாள் காலை மிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஞாயிறன்று பஸ்கள் குறைவு. திரும்பும் நாள் ஞாயிறாக இருந்தால் நேரத்தை முதல் நாளே நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் நல்ல தேர்வு. கொசு அடங்கியிருக்கும். மாதத்தின் பின்பாதியில் செம்மான் ஆண்கள் இணைக்காக இரவில் அலறும். முதல்முறை கேட்பவருக்கு அது மான் என்றே தோன்றாது, மாட்டுக்கும் புலிக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். விடுதி ஜன்னலைத் திறந்து வைத்தாலே சில இரவுகளில் கேட்கும்.

டிக்கெட் கேட்கும்போது ஒரு விஷயம். போலிஷ் எழுத்தில் குறுக்குக்கோடு போட்ட 'எல்' இருக்கிறதே, அதற்கு 'வ' ஒலி. 'பியலோவிசா' என்று கேட்டால் கவுன்டரில் விழிப்பார்கள். 'பியாவோ-வியெ-ஷா' என்று நடு அசையை அழுத்திச் சொல்லுங்கள்.

*கொடைக்கானல் தெருவில் திரியும் காட்டெருமையைச் சுற்றுலாக்காரர்கள் 'பைசன்' என்கிறார்கள். போலந்து பைசனும் அதுதானா? காட்டில் நேருக்கு நேர் பார்க்க எங்கே நிற்க வேண்டும்? (திண்டுக்கல்)*

அது வேறு, இது வேறு. கொடைக்கானலில் இருப்பது கௌர், அதாவது கடமா. மாட்டினத்துக்கு நெருங்கிய உறவு. காலில் வெள்ளை சாக்ஸ் போட்டாற்போல் இருக்கும், உடம்பு வழுவழுப்பு. ஐரோப்பிய பைசனுக்குப் போலிஷில் 'ஷுபர்' என்று பெயர். உடல் முழுக்கப் பழுப்பு ரோமம், தாடி, முன்பக்கம் ஓங்கிப் பின்பக்கம் சரிந்த முதுகு. வளர்ந்த காளை 900 கிலோ வரை போகும்.

இந்த இனம் ஒருமுறை காட்டிலிருந்து முற்றாக அழிந்தது. முதல் உலகப்போருக்கு முன் பியாவோவியெஷா காட்டில் 700க்கு மேல் இருந்தன. போரில் பசித்த சிப்பாய்களும் பின்னால் வந்த திருட்டு வேட்டைக்காரர்களும் துடைத்துவிட்டார்கள். இங்கே கடைசிக் காட்டு பைசன் 1919இல் சுடப்பட்டது. காகசஸ் மலையில் மிஞ்சியிருந்தவையும் 1927இல் தீர்ந்தன. மிருகக்காட்சிசாலைகளில் உயிரோடு இருந்தவற்றை வைத்து 1929இல் பியாவோவியெஷாவில் இனப்பெருக்கம் தொடங்கினார்கள். 1952இல் முதல் பைசன்களைக் காட்டில் விட்டார்கள். இன்றைக்கு உலகில் இருக்கும் ஐரோப்பிய பைசன்கள் எல்லாமே வெறும் 12 விலங்குகளின் வம்சம். இந்தக் காட்டில் இருக்கும் தாழ்நில வகைக்கு மூதாதை ஏழே ஏழு. அவ்வளவு நெருங்கிய இரத்தம் என்பதால் நோய் வந்தால் மந்தையே ஆடிப்போகும் என்ற கவலை இன்றும் உண்டு. எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று வம்சாவளிப் பதிவேடு போட்டுக் காப்பதற்கும் அதுவே காரணம்.

இனி பார்க்கும் வழி. கோடையில் அவை அடர்காட்டுக்குள் சிறு கூட்டங்களாகப் பிரிந்துவிடும். நடுக்காட்டில் தேடுவது வீண். காடும் புல்வெளியும் சேரும் ஓரத்தில், வெளிச்சம் வருவதற்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். ஜூனில் நான்கு மணிக்கே விடிந்துவிடும், அதனால் மூன்றரைக்கு. காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாக நிற்பது முக்கியம். முதுகில் அடித்தால் உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும், வெறும் புல்வெளிதான் மிஞ்சும். பெரும்பாலோர் ஏமாறுவது இந்த ஒரு தப்பினால்தான்.

பார்த்தே தீர வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். குளிர்காலத்தில் வனத்துறை உலர்ந்த புல் போடும் இடங்களுக்குப் பக்கத்தில் பைசன்கள் பெருங்கூட்டமாகத் திரளும். பனியில் அந்தப் பழுப்பு நிறம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தே தெரியும். எந்த வெளியில் நிற்கின்றன என்பது உள்ளூர் வழிகாட்டிக்கு அன்றன்றைக்குத் தெரியும். அவருக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது.

50 மீட்டருக்குள் போக வேண்டாம், 100 இருந்தால் நிம்மதி. வால் உயர்ந்தாலோ, தலை தாழ்ந்து ஆடினாலோ, முன்காலால் மண்ணைக் கீறினாலோ அது எச்சரிக்கை. திரும்பி ஓடாமல், பக்கவாட்டில் மெல்ல விலகி மரத்தின் பின்னால் போங்கள். குட்டியோடு இருக்கும் தாயும், ஆகஸ்ட், செப்டம்பர் இணைக்காலக் காளையும் பொறுமை இல்லாதவை. பார்க்க எருமை மாதிரி மந்தமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், ஓடினால் மனிதனால் தப்ப முடியாது.

*காப்பகத்தில் கம்பி வேலி படத்தைக் கெடுக்கிறது என்கிறார்களே? (சிங்கப்பூர்)*

லென்ஸை வேலியிலிருந்து தள்ளி வைத்தால் கெடுக்கும். கம்பியோடு ஒட்டி, ஓட்டையின் நடுவில் வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறங்கள். விலங்கு வேலியிலிருந்து பத்து மீட்டராவது உள்ளே நிற்க வேண்டும். அப்போது கம்பி கரைந்துபோகும். ஆட்டோஃபோகஸ் கம்பியையே பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால் மேனுவலுக்கு மாறுங்கள். வெயில் நேராகக் கம்பியில் பட்டால் வெளுத்த மூட்டம் விழும். நிழல் விழுகிற பக்கத்து வேலிக்குப் போங்கள்.

காப்பகம் ஊருக்கு மேற்கே, ஹைனூவ்கா சாலையில் இருக்கிறது. பைசன் தவிர ஓநாய், லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனை, மூஸ் மான், குட்டையான போலிஷ் கோனிக் குதிரை, பைசனுக்கும் மாட்டுக்கும் பிறந்த 'ஷுப்ரோன்' எல்லாம் உண்டு. சாலை வழியே போகாமல் 'ஷெப்ரா ஷுப்ரா' பாதையில் நடங்கள், சுமார் நான்கு கிலோமீட்டர். 'பைசன் விலா எலும்பு' என்று அர்த்தம். ஆல்டர் மரச் சதுப்பின் மேல் உருளைக் கட்டைகளை விலா எலும்பு போலக் குறுக்கே அடுக்கிப் பாதை போட்டிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் அந்தக் கட்டைகள் எண்ணெய் தடவியது போல வழுக்கும். செருப்பும் தேய்ந்த ஷூவும் ஆகாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து இந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

*பூங்காவின் முக்கியப் பகுதிக்கு வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள் என்கிறார்கள். காசு பிடுங்கும் வேலையா? உள்ளே விழுந்து அழுகிக் கிடக்கிற மரங்களைத் தவிர வேறு என்ன இருக்கிறது? (திருச்சி)*

பார்க்க வேண்டியதே அந்த விழுந்த மரங்கள்தான்.

ஊரைச் சுற்றிலும் காடு. ஆனால் போலந்துப் பக்கக் காட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் தேசியப் பூங்கா. மிச்சம் வனத்துறை மரம் வெட்டி நட்டு வளர்க்கிற காடு, அங்கே யாரும் இஷ்டம்போல் நடக்கலாம். பூங்காவுக்குள் கடும் பாதுகாப்புப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் 1921 முதல் கோடரி விழவில்லை. விழுந்த மரத்தை யாரும் எடுப்பதில்லை, புதிதாக நடுவதும் இல்லை. ஐரோப்பாவின் சமவெளியில் இப்படி விட்டுவைத்த பழங்காடு இந்த அளவுக்கு வேறெங்கும் இல்லை. அதற்குள் ஆட்களை அவிழ்த்துவிட்டால் பத்து வருஷத்தில் பூங்கா நடைபாதையாகிவிடும். அதனால்தான் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். கட்டணம் குழுவுக்கு ஒன்று, தலைக்கு ஒரு நுழைவுச்சீட்டு. நீங்கள் இரண்டே பேர் என்றால் வேறு குழுவோடு சேர முடியுமா என்று ஊரில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். செலவு நன்றாகவே குறையும். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் கோடையில் சில நாள் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.

அரண்மனைப் பூங்காவைத் தாண்டி, திறந்த புல்வெளியில் நடந்தால் மர வாயில் ஒன்று வரும். அதற்குள் நுழைந்ததும் வெளிச்சமே மாறிவிடும். ஹார்ன்பீம் மர இலைகள் மேலே மூடிக்கொள்ளும். நடை மெதுவாக மூன்று மணி நேரம். ஒரு விழுந்த ஓக் மரத்தின் அருகே நின்று பாருங்கள். பட்டை உரிந்த இடத்தில் பாசி, பாசிக்கு மேல் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் விரல் நீளக் கன்றுகள் வரிசையாக. தரையில் விழுந்த விதைகள் புல்லோடும் களையோடும் போட்டிபோட்டுத் தோற்கும். கட்டையின் மேல் விழுந்தவற்றுக்கு ஈரமும் இடமும் கிடைக்கும். ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கட்டை மண்ணாகிப் போயிருக்கும், மரங்கள் மட்டும் கோடு போட்டது போல் நேர்வரிசையில் நிற்கும். அப்படி நிற்கிற வரிசைகளை வழிகாட்டி காட்டுவார். மூவிரல் மரங்கொத்தியும் வெண்முதுகு மரங்கொத்தியும் பட்டமரம் இல்லாத காட்டில் பிழைக்காது. ஸ்ப்ரூஸ் பட்டைக்குள் துளைக்கிற வண்டின் புழுதான் மூவிரல் கொத்திக்குச் சோறு.

இதே வண்டு அரசியலிலும் புகுந்தது. வண்டு பரவுகிறது என்று சொல்லி, பூங்காவுக்கு வெளியே உள்ள காட்டில் 2016, 2017இல் மரம் வெட்டுவதை அதிகப்படுத்தினார்கள். எதிர்த்தவர்கள் இயந்திரங்களில் தங்களைக் கட்டிக்கொண்டு போராடினார்கள். அப்படி மரம் வெட்டியது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இன்று சாலையோரம் நிற்கிற சாம்பல் நிறப் பட்ட ஸ்ப்ரூஸ்களைப் பார்த்து, கவனிப்பாரற்ற காடு என்று நினைக்காதீர்கள்.

நிற்கிற பெருமரம் பார்க்க ஆசைப்பட்டால் 'அரச ஓக் பாதை'க்குப் போங்கள். மரப்பலகைப் பாதை, அரை மணி போதும், வழிகாட்டி வேண்டாம். ஒவ்வொரு ஓக்குக்கும் போலந்து, லித்துவேனிய அரசர்களின் பெயர். சில மரங்கள் 400 வயதைத் தாண்டியவை.

*ஜார் மன்னரின் அரண்மனை இருப்பதாகப் படித்தேன். படங்களில் அதைக் காணோமே? (யாழ்ப்பாணம்)*

இப்போது அரண்மனை இல்லை. 1795இல் போலந்து பங்குபோடப்பட்டபோது இந்தப் பகுதி ரஷ்யாவுக்குப் போனது. ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் கட்டச் சொன்ன அரண்மனை 1894இல் முடிந்தது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை கொளுத்தியது. எஞ்சிய சுவர்களைப் பின்னர் 1960களில் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது இயற்கை அருங்காட்சியகம் நிற்கிறது. செங்கல் வாயிலும் சில துணைக் கட்டடங்களும் மட்டும் மீதி.

அரண்மனைப் பூங்காவில் தவறாமல் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 1845இல் கட்டிய கவர்னர் மாளிகை. ஊரின் மிகப் பழைய கட்டடம், முழுக்க மரம். இன்னொன்று, குளங்களுக்கு நடுவே உள்ள கரையில் நிற்கிற மணற்கல் தூண். போலந்து மன்னர் மூன்றாம் அகுஸ்து 1752இல் ஆடிய வேட்டையின் கணக்கு ஒரு பக்கம் போலிஷிலும் மறுபக்கம் ஜெர்மனிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது: 42 பைசன், 13 மூஸ், 2 மான். அரசி நாவல் படித்துக்கொண்டே 20 பைசனைச் சுட்டாள் என்று ஒரு கதையும் சொல்வார்கள். விலங்குகளை ஓர் இடைவெளிக்குள் விரட்டிவிட்டு மேடையில் உட்கார்ந்து சுட்ட வேட்டை அது. நாவல் படிக்க நேரம் இருந்திருக்கும்.

பூங்கா வாசலுக்கு வெளியே புனித நிக்கோலஸ் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், 1895. உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் நிற்கிற திருவுருவத் திரை மரத்தில் இல்லை, பீங்கானில். வழிபாட்டு நேரத்தில் பின்னால் நில்லுங்கள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். கார் இருந்தால் பியாவிஸ்டோக் திரும்பும் வழியில் த்ஷெஷ்சியான்கா, சோத்சே, புஹ்வி என்ற மூன்று கிராமங்களில் நின்றுவிட்டுப் போகலாம். ஜன்னல் கதவுகளிலும் கூரை முகப்பிலும் மரத்தைச் சரிகை போல் செதுக்கிய வீடுகள். முதல் ஊரில் பச்சைத் தேவாலயம், கடைசி ஊரில் நீலத் தேவாலயம். வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், தோட்டத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள்.

*உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். வால்பாறை அட்டைக்கு உப்பு தடவுவது போல் ஏதாவது செய்தால் போதாதா? (பொள்ளாச்சி)*

போதாது. உப்பு, சுண்ணாம்பு, எண்ணெய், தீக்குச்சிச் சூடு எதுவும் இங்கே கூடாது. அட்டை இரத்தத்தோடு போய்விடும். உண்ணியைத் தொந்தரவு செய்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும், கிருமி அதோடுதான் போகும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கவனம். இளம் உண்ணி கசகசா அளவுதான். மரத்திலிருந்து குதிப்பதில்லை, முழங்கால் உயரப் புல்லின் நுனியில் காலை நீட்டிக் காத்திருக்கும். வெளிர்நிறக் கால்சட்டை போட்டு அதன் நுனியைச் சாக்ஸுக்குள் விடுங்கள், ஊர்வது தெரியும். டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சிவிரட்டி மருந்தைத் தோலில் தடவுங்கள். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, தொப்புள், அக்குள், காதின் பின்புறம், பிடரி எல்லாம் தடவிப் பாருங்கள்.

ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான ட்வீசரால், உடம்பைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து நேராக மேலே இழுங்கள். திருக வேண்டாம், வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம். பிறகு சோப்பு நீரால் கழுவி, தேதியைக் குறித்துவையுங்கள். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோயின் கிருமி உள்ளே போகப் பெரும்பாலும் ஒரு நாளாவது ஆகும், அதனால் அன்றைக்கே எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு. 3 முதல் 30 நாளுக்குள் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஊர் திரும்பியபின் வந்தால், போலந்துக் காட்டுக்குப் போனதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மூளைக்காய்ச்சல் வைரஸ் வேறு கதை. அது கடித்த சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும், சீக்கிரம் எடுத்தாலும் பயனில்லை. அதற்குத் தடுப்பூசி உண்டு: முதல் இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஒன்று முதல் மூன்று மாதம், மூன்றாவது 5 முதல் 12 மாதம் கழித்து. கோடை முழுதும் அங்கே நடக்கப் போகிறவர்கள் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். லைம் நோய்க்கு இப்போது போட்டுக்கொள்ள ஊசி இல்லை.

*காளான் பறிப்பது அங்கே எல்லோருக்கும் பொழுதுபோக்கு என்கிறார்கள். நாமும் பறிக்கலாமா? (தஞ்சாவூர்)*

தேசியப் பூங்காவிலும் இயற்கைக் காப்புக்காடுகளிலும் தடை. வெளியே வனத்துறைக் காட்டில் சொந்த உபயோகத்துக்குப் பறிக்கலாம். ஆனால் நீங்கள் பறிக்க வேண்டாம் என்பதே எங்கள் பதில், அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம் ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளானின் மொட்டும், ஐரோப்பாவில் அதிகம் பேரைக் கொல்கிற 'டெத் கேப்' காளானின் மொட்டும் பார்க்க ஒன்றுபோலவே முட்டையாக இருக்கும், அடியில் அதே பை. ஆசியாவிலிருந்து போனவர்கள் இந்த ஒற்றுமையால் ஏமாந்து செத்திருக்கிறார்கள். வளர்ந்தபின் வைக்கோல் காளானின் அடிமடிப்பு இளஞ்சிவப்பாகும், டெத் கேப்புக்கு வெள்ளையாகவே இருக்கும். மொட்டில் அது தெரியாது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அப்புறம் ஒரு நாள் தெளிவது போல் இருக்கும், அந்த நேரத்தில்தான் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள், மிச்சக் காளானைத் தூக்கிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள்.

*சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா? (மயிலாப்பூர்)*

வேண்டாம். 'பியெரோகி ருஸ்கியே' கேளுங்கள். உருளையும் தயிர்ப்பாலாடையும் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மேலே வதக்கிய வெங்காயத்தோடு பன்றிக்கொழுப்புத் துண்டைப் பல கடைகளில் தூவிவிடுவார்கள், மெனுவில் எழுதியிருக்காது. 'பெஸ் ஸ்க்வாரெக்' என்றால் அது வேண்டாம் என்று அர்த்தம், 'பெஸ் மியென்சா' என்றால் இறைச்சி வேண்டாம். உருளைக்கிழங்கு அடையும் ('பிளாட்ஸ்கி') நம்பலாம். 'பாப்கா' என்ற உருளைக்கிழங்குக் கட்டிக்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். பீட்ரூட் சூப்பில் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சேர்ப்பவர்கள் ஹைனூவ்காவின் 'மார்ச்சினெக்' கேக்கை விடாதீர்கள். அப்பளம் போல் மெல்லிய அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே புளிப்புக் கிரீம்.

*எல்லையில் பிரச்சினை என்று செய்தியில் வருகிறது. போகலாமா? (சென்னை)*

ஊருக்கும் பூங்காவுக்கும் பயணிகள் போகிறார்கள். எல்லையில் 2022இல் ஐந்தரை மீட்டர் உயர இரும்பு வேலி எழுந்தது. 2024 ஜூனில் எல்லையை ஒட்டி நுழையக்கூடாத வட்டாரம் ஒன்றை அறிவித்தார்கள். அதன் எல்லைக்கோடு மாறிக்கொண்டிருக்கும், கிளம்புமுன் விடுதியில் கேளுங்கள். பலகை வைத்த இடத்தைத் தாண்ட வேண்டாம். பாஸ்போர்ட்டை அறையில் வைக்காமல் கூடவே வைத்திருங்கள், சாலையில் நிறுத்திக் கேட்பார்கள்.

அதைவிட அதிகம் பேரைக் கடிப்பது போன். எல்லையோரம் உங்கள் போன் பெலாரூஸ் டவருக்குத் தாவும். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றிய ரோமிங்கில் இல்லை, பில் எகிறும். செட்டிங்ஸில் தானியங்கித் தேர்வை நிறுத்திப் போலந்து நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, பெலாரூஸ் நேரம் கோடையில் ஒரு மணி, குளிர்காலத்தில் இரண்டு மணி முன்னால். போன் கடிகாரம் சொல்லாமல் மாறிக்கொள்ளும். விடிகாலை வழிகாட்டிக்கு ஐந்து மணி என்று சொல்லிவிட்டு நான்குக்கே, பனிக்காலமானால் மூன்றுக்கே, பூங்கா வாசலில் தனியாக நிற்பீர்கள்.